ஓரத்திலேயே ஓடும் ஒலி: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் "ஒலியை மூலையில் பிடித்து வைக்கும் பொருள்" என்று நாலு வரியில் ஒரு துணுக்குப் போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியாயிற்று.

கே: ஒலி ஒரு பொருளின் ஓரத்தில் மட்டும் ஓடும், உள்ளே நுழையாது, மூலை வந்தால் முட்டித் திரும்பாமல் வளைந்து போகும் என்று எழுதியிருந்தீர்கள். சுவரும் குழாயும் இல்லாமல் ஒலி எப்படி ஒரு பாதையில் நிற்கும்? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: மாட்ரிட் நகரத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிப்போம். எவுசேபியோ செம்பெரே என்ற ஸ்பெயின் நாட்டுச் சிற்பி செய்தது. சுமார் 3 செ.மீ. தடிமனுள்ள எஃகுக் குழாய்களை, 10 செ.மீ.க்கு ஒன்றாக, நம் வாசலில் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வரிசை பிசகாமல் நட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். குழாய்களுக்கு நடுவே காற்று தாராளமாகப் போய் வருகிறது, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். 1995இல் சில ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம் மைக்கும் வைத்து அளந்தார்கள். 1,670 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,670 அதிர்வு) அருகே உள்ள ஒலி மட்டும் நன்றாகக் குறைந்து போயிருந்தது.

ஏன் அந்த எண்? கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 1,670ஆல் வகுத்தால் அலைநீளம் 20 செ.மீ. சொச்சம். குழாய்களின் இடைவெளி அதில் சரிபாதி. ஒவ்வொரு குழாயும் ஒலியைக் கொஞ்சம்தான் திருப்பி அனுப்பும். ஆனால் இடைவெளி அரை அலைநீளமாக அமைந்துவிட்டால், திரும்பி வருகிற அந்தக் கொஞ்சம் கொஞ்சமெல்லாம் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து பெரிதாகிவிடும், ஒலி முன்னால் போக வழியில்லாமல் திரும்பிவிடும். இந்த மாதிரி ஒலி நுழைய முடியாத அதிர்வெண் வரம்பைத் தடைப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒலியை இங்கே நிறுத்துவது குழாய்கள் நிற்கிற ஒழுங்குதான். இதை மனதில் வையுங்கள், மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது டோபாலஜி, அதாவது ஒரு வடிவத்தை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாமல் நிற்பது எது என்று பார்க்கும் கணிதம். தமிழில் இடவியல் என்பார்கள். இட்லியையும் மெதுவடையையும் காட்டி, ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று விளக்குவது வழக்கம். அது தப்பில்லை, ஆனால் ஒலிக்கு வரும்போது அந்த உதாரணம் பாதியில் கைவிட்டுவிடும். நான் முளையில் கட்டிய மாட்டைச் சொல்கிறேன். மாடு மேய்ந்துகொண்டே நடக்கிறது, சாயங்காலம் காலையில் நின்ற அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. முளையைப் பார்த்தால் கயிறு எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று எண்ணிவிடலாம். ஒரு சுற்று, அல்லது சுற்றே இல்லை. ஒன்றே கால் சுற்று இருக்க முடியாது. மாடு நேராக நடந்ததா, கோணலாக நடந்ததா, நடுவில் தடுக்கி விழுந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணை மாற்றாது. மாடு நடந்த தடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, நகர்த்தி, ஒரு சுற்றைச் சுற்றே இல்லாததாக ஆக்க வேண்டுமென்றால், எங்கோ ஓரிடத்தில் அந்தத் தடம் முளையின் மேலேயே ஏறிக் கடக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

கம்பிகளை ஒழுங்காக நட்ட ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு சுற்று எண் உண்டு. நிஜத்தில் அங்கே எதுவும் சுற்றுவதில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களில் காற்று எந்தத் தாளத்தில் ஒன்றுக்கொன்று இசைந்து அதிர்கிறது என்பதை, நீள அலையிலிருந்து குட்டை அலை வரை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, ஒரு தாளில் புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால், கடைசியில் புள்ளிகள் தொடங்கிய இடத்துக்கே வந்து ஒரு மூடிய தடம் கிடைக்கும். மிக எளிய அமைப்பில் இதை அப்படியே பென்சிலால் வரையலாம், சிக்கலான அமைப்புகளில் கணக்கு பெரிதாகும், தத்துவம் இதேதான். அந்தத் தடம் நடுப்புள்ளியை எத்தனை முறை சுற்றியது என்பதுதான் எண். நடுப்புள்ளி முளை. தடம் முளையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, தடைப் பட்டை அவ்வளவு அகலம். தடம் முளையைத் தொட்டுவிட்டால் தடைப் பட்டையே இல்லை, ஒலி போகலாம்.

சரி, இப்போது சுற்று எண் 1 உள்ள பொருளையும் 0 உள்ள பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம். இரண்டிலும் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குத் தடை. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது 1 எப்படியாவது 0 ஆக வேண்டுமே. நடுவில் தடம் முளையைக் கடந்துதான் ஆக வேண்டும். கடக்கிற அந்த இடம்தான் ஓரம். இரண்டு பக்கமும் நுழைய முடியாத ஒலி, ஒட்டுப் போட்ட அந்தக் கோட்டில் மட்டும் உயிரோடு இருக்கும். கோட்டை வளைத்தால் அதுவும் வளையும். ஒரு கம்பியைப் பிடுங்கிப் போட்டாலும், ஒன்றிரண்டை லேசாகச் சாய்த்தாலும், இரண்டு பக்கத்து எண்களும் மாறாத வரை பாதை அழியாது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது. பாதை என்று யாரும் எதையும் செதுக்கவில்லை. இரண்டு எண்கள் ஒத்துப்போகாததாலேயே நடுவில் ஒரு பாதை பிறக்கிறது.

சீனாவில் நான்ஜிங் பல்கலைக்கழகத்துக் குழு 2016இல் இதைக் காற்றில் எஃகுக் கம்பிகளை நட்டே செய்து காட்டியது. இரண்டு பக்கமும் அதே எஃகு, அதே காற்று. தடிமனுக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம் மட்டும் வேறு. அடுத்த வருடம் வூஹான் பல்கலைக்கழகத்தில் முக்கோண வடிவக் கம்பிகளை வைத்து இன்னொரு வழியில் செய்தார்கள்: ஒரு பகுதியில் முக்கோணங்களை ஒரு பக்கமாகவும், பக்கத்துப் பகுதியில் எதிர்ப் பக்கமாகவும் திருப்பி வைத்தால் போதும், நடுக்கோட்டில் ஒலி ஓடுகிறது.

கே: இது 2016 நோபல் பரிசோடு தொடர்புள்ளதா? (யாழ்ப்பாணம்)

ப: ஆம், வேர் அதுதான். அந்த ஆண்டு இயற்பியல் பரிசு டேவிட் தௌலெஸ், டங்கன் ஹால்டேன், மைக்கேல் கோஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது, பொருள்களில் இடவியல் நிலைகளைக் காட்டியதற்காக. அவர்கள் வேலை எலக்ட்ரான்களையும் அணுக்களையும் பற்றியது. ஒலி பின்னால் வந்த கிளை. ஆனால் எலக்ட்ரான் ஓரத்தில் ஓடுவதைப் பார்க்கப் பெரும்பாலும் கடுங்குளிரும் வலுவான காந்தமும் வேண்டும். ஒலிக்கு ஒரு மேசையும் மைக்கும் போதும். கணக்கு ஒன்றே என்பதால், காகிதத்தில் மட்டும் இருந்த எத்தனையோ இடவியல் யோசனைகளை இப்போது ஒலியில் கட்டிச் சோதிக்கிறார்கள்.

கே: ஒலி ஒரே திசையில்தான் போகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவருக்குக் கேட்காது என்று செய்ய முடியுமா? (எலக்ட்ரீஷியன், சிவகாசி)

ப: முடியும், ஆனால் அந்தக் காணொளி முக்கியமான ஒன்றை விட்டுவிட்டது. சும்மா நிற்கிற பொருளால் முடியாது. அசையாத காற்றில், அசையாத சுவர்களுக்கு நடுவே, இங்கிருந்து அங்கே ஒலி எவ்வளவு போகுமோ அதே அளவு அங்கிருந்து இங்கே வரும். இந்த விதியை உடைக்க ஏதாவது ஒன்று நகர வேண்டும், சுழல வேண்டும்.

2014இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார்கள். வளையல் மாதிரி ஒரு உலோக வளையம், உள்ளே காற்று, அந்தக் காற்றை ஒரே பக்கமாகச் சுற்றவிட மூன்று சின்ன விசிறிகள். வளையத்தில் சம தூரத்தில் மூன்று வாய்கள். முதல் வாயில் 800 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை விட்டால் அது இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். காற்றோடு போகிற அலையும் காற்றை எதிர்த்துப் போகிற அலையும் ஒரே மாதிரி சுற்றுவதில்லை அல்லவா, அதனால் ஒரு வாயில் இரண்டும் சேர்ந்து பலமாக வெளியே வரும், இன்னொரு வாயில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும். விசிறியின் வேகத்தைச் சரியாக வைத்தால் ஒன்றாம் வாயில் விட்டது இரண்டில் மட்டும், இரண்டில் விட்டது மூன்றில் மட்டும், மூன்றில் விட்டது ஒன்றில் மட்டும். கோயிலை வலம் வருகிற மாதிரி, இடமாகப் போவதே கிடையாது. இத்தகைய வளையங்களைத் தேன்கூடு போல அடுக்கினால் ஓரத்தில் உண்மையிலேயே ஒரே திசையில் ஓடும் ஒலி கிடைக்கும் என்று சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகக் குழுவும் மற்றவர்களும் 2015 வாக்கில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

முதல் கேள்வியில் நான் சொன்ன எஃகுக் கம்பி வகையில் விசிறி கிடையாது. அங்கே ஓரத்தில் இரண்டு திசையிலும் ஒலி ஓடலாம். வலப்பக்கம் போகிற அலை ஒரு விதமாகச் சுழலும், இடப்பக்கம் போவது எதிர்விதமாகச் சுழலும், ஒன்று இன்னொன்றாக மாறுவது கடினம், அதனால்தான் மூலையில் முட்டித் திரும்புவதில்லை. ஆனால் கடினம் என்றேன், முடியாது என்று சொல்லவில்லை. சுழற்சியையே குழப்பிவிடுகிற ஒரு கோளாறு வழியில் இருந்தால் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். "எந்தத் தடையும் பாதிக்காது" என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம். விஷயம் இருக்கிறபடியே அழகாக இருக்கும்போது எதற்கு மிகைப்படுத்த வேண்டும்?

கே: எங்கள் வீட்டுக்கு எதிரில் கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் என்றால் ஜன்னல் கண்ணாடியே அதிர்கிறது, கைக்குழந்தை தூங்க முடியவில்லை. இந்தப் பொருளை ஜன்னலில் மாட்டலாமா? (சென்னை)

ப: அம்மா, ஆசை காட்டி ஏமாற்ற மனம் வரவில்லை. மாட்ட முடியாது. கண்ணாடியை அதிர வைப்பது தாழ்ந்த ஒலி, 100 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் மூன்றரை மீட்டர். மாட்ரிட் சிற்பம் மாதிரி அதை நிறுத்த வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் மீட்டருக்கு ஒரு தூண் என்று பல வரிசை நட வேண்டும், உங்கள் தெருவே போதாது.

தாழ்ந்த ஒலியை மெல்லிய பொருளால் நிறுத்த வேறு ஒரு வழி இருக்கிறது, அது இடவியல் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் செய்தார்கள்: ஒரு செ.மீ. ஈயக் குண்டுகளுக்கு ரப்பர் போன்ற சிலிகான் மேல்பூச்சுக் கொடுத்து, எபாக்சிப் பசையில் புதைத்து ஒரு கட்டியாக்கினார்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் காற்றில் 85 செ.மீ., அதைத் தடுக்க இரண்டு செ.மீ. தடிமன் போதுமானதாக இருந்தது. குண்டு ரப்பருக்குள் ஒலிக்கு எதிர்த்தாளத்தில் ஆடுவதுதான் ரகசியம். ஆனால் அதுவும் ஒரு குறுகிய அதிர்வெண்ணுக்குத்தான், நாதஸ்வரமும் தவிலும் சினிமாப் பாட்டும் எல்லா அதிர்வெண்ணிலும் வருமே. இப்போதைக்கு ஜன்னல் விளிம்பில் காற்றுப் புகும் இடுக்கை முழுக்க அடைப்பது, முடிந்தால் முதல் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடி போடுவது, இவை இரண்டும்தான் உருப்படியாகப் பலன் தரும். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் தடை உண்டு, புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கே: பீஜப்பூர் கோல் கும்பஸ் குவிமாடத்தில் ஒரு ஓரம் முணுமுணுத்தால் எதிர் ஓரம் கேட்கிறதே, அதுவும் ஓரத்தில் ஓடும் ஒலிதானே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி)

ப: ஓரத்தில் ஓடுவது உண்மை, காரணம் வேறு. அங்கே ஒலி வளைந்த சுவரைத் தடவிக்கொண்டே போகிறது, உட்பக்கமாக வளைகிற சுவர் அதை விலக விடாமல் பிடித்துக்கொள்கிறது. இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் இதைப் பார்த்து ரேலி பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் விளக்கம் சொன்னார். உங்கள் ஊரில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921இல் இலண்டன் போனபோது அதே மாடத்தில் சோதனை செய்து, ரேலியின் கணக்கு முழுமையானதில்லை என்று காட்டினார். சுவரிலிருந்து விலக விலக ஒலி சீராகக் குறையவில்லை, கூடிக் குறைந்து கூடிக் குறைந்து போனது.

வித்தியாசம் எங்கே என்றால், கோல் கும்பஸ் சுவரில் நடுவே செங்குத்தாக ஒரு மூலையை வைத்துப் பாருங்கள், முணுமுணுப்பு அங்கேயே சிதறிவிடும். இடவியல் ஓரத்தில் மூலை வைத்தாலும் தாண்டும்.

கே: துணுக்கில் 'மூலையில் பிடித்து வைப்பது' என்று இருந்ததே, அது என்ன? பிடித்த ஒலி எவ்வளவு நேரம் இருக்கும்? (கோவை)

ப: பரப்புக்கு ஓரம் கோடு. கோட்டுக்கு ஓரம் முனை. சில அமைப்புகளில் பரப்பிலும் ஒலி நுழையாது, ஓரக் கோட்டிலும் ஓடாது, மூலைப் புள்ளியில் மட்டும் நிற்கும். 2019இல் நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் அறைகளை மெல்லிய குழாய்களால் இணைத்து ஒரு பெரிய முக்கோணமாக்கினார்கள். அடுக்கிய வடிவத்துக்கு ககோமே என்று பெயர், ஜப்பானியச் சொல், கூடைக்கண் என்று பொருள். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தின் அறுகோணக் கண்கள் ஞாபகம் வருகிறதா, ஏறக்குறைய அந்தப் பின்னல்தான். குழாய்களை ஒன்றுவிட்டு ஒன்று அகலமும் குறுகலுமாக வைத்தால், சரியான அதிர்வெண்ணில் ஒலியை விடும்போது மூலையிலுள்ள அறை மட்டும் பலமாக முழங்கும், பக்கத்து அறைகள் அடங்கிக் கிடக்கும்.

எவ்வளவு நேரம் என்றால், ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகு கண் இமைக்கும் நேரத்துக்குள் போய்விடும். சுற்று எண் ஒலியைச் சிதறாமல் காக்கும், தேயாமல் காக்காது. காற்று அறைச் சுவரில் உரசுகிறது, ஒலி வெப்பமாகிறது. ஜாடியில் ஊறுகாய் போட்டு வைப்பது மாதிரி ஒலியைச் சேமிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கே: இதனால் என்ன பயன்? (பலர்)

ப: நான் எதிர்பார்ப்பது செல்போனுக்குள். இப்போதே உங்கள் போனில் ஒலி வேலை செய்கிறது, காதுக்குக் கேட்காத ஒலி. ஆன்டெனா பிடிக்கிற எத்தனையோ அலைகளில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க, லித்தியம் நியோபேட் போன்ற படிகத்தின் மேல்தோலில் அதிர்வாக மாற்றி ஓடவிடும் சல்லடைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ரேடியோ அலையை அப்படியே வைத்துச் செய்தால் 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 செ.மீ., படிகத்தின் மேல் அதிர்வாக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் சல்லடை அரிசி மணியைவிடச் சின்னதாகிறது. இவ்வளவு சின்ன இடத்தில் அதிர்வை வளைத்துத் திருப்பும்போது, செய்முறையில் வரும் சிறு பிசகு கூட எதிரொலியாகத் திரும்பிக் கெடுக்கும். பிசகைப் பொறுத்துக்கொள்ளும் பாதை அங்கேதான் வேண்டும். கடையில் விற்கும் போனில் இடவியல் பாதை வந்துவிட்டதாகச் சொல்வது அவசரம், இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2023இல் 3 கோடி டாலர் அரசு நிதியோடு ஒலிக்கென்றே ஒரு மையம் தொடங்கியதும் இந்த மாதிரி எதிர்பார்ப்புகளை வைத்துத்தான்.

கே: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஏதாவது வழி உண்டா? செலவு குறைவாக. (அறிவியல் ஆசிரியை, விருதுநகர்)

ப: உண்டு டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் இடம் மிச்சம் வைத்தேன். சூரிக் ஆய்வாளர்கள் 2015இல் 270 ஊசல்களை ஸ்பிரிங்குகளால் இணைத்து ஓரத்தில் மட்டும் ஆட்டம் ஓடுவதைக் காட்டினார்கள். நமக்குப் பத்து ஊசல் போதும்.

ஒரு மரச்சட்டத்தில் பத்து கொக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே நீளக் கயிறு, ஒரே எடையில் இரும்பு நட்டு. பக்கத்துப் பக்கத்து நட்டுகளை ஸ்பிரிங்கால் இணையுங்கள், ஆனால் இரண்டு வகை ஸ்பிரிங்: மெத்தென்று நீள்கிற ஒன்று, அதைவிட மூன்று மடங்கு விறைப்பானது ஒன்று. முதல் நட்டுக்கும் இரண்டாவதுக்கும் மெத்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் விறைப்பு, இப்படியே மாறி மாறி. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே திரும்ப மெத்து வரும். இரண்டு கடைசி நட்டுகளையும் வெளிப்பக்கம் விறைப்பு ஸ்பிரிங்கால் சட்டத்தின் காலோடு கட்டிவிடுங்கள். இதை மறந்தால் ஓரத்து ஊசலின் தாளமே மாறிச் சோதனை கெட்டுவிடும், பலரும் தவறுகிற இடம் இதுதான். எல்லா நட்டும் கயிறு நேராகத் தொங்கும்படி மேலே கொக்கிகளை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் நட்டை வரிசையின் திசையில் ஒரு விரல்கடை இழுத்து விடச் சொல்லுங்கள். ஆட்டம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். கவனமாகப் பார்த்தால் இரண்டாவது அநேகமாகச் சும்மா இருக்கும், மூன்றாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, எதிர்ப்பக்கமாக ஆடும், ஐந்தாவதில் ஏதோ தெரியும். அப்புறம் ஐந்தாவது நட்டை இழுத்துவிட்டால், அது வரிசை முழுக்கப் பரவிப்போகும்.

அடுத்து, கொக்கி எதையும் கழற்றாமல் ஸ்பிரிங்குகளை மட்டும் இடம் மாற்றுங்கள்: விறைப்பு இருந்த இடத்தில் மெத்து, மெத்து இருந்த இடத்தில் விறைப்பு, சட்டத்தின் காலில் கட்டியதும் சேர்த்துத்தான். கொக்கிகளை மறுபடி சரிசெய்துகொண்டு அதே முதல் நட்டை அதே அளவு இழுத்து விடுங்கள். இந்த முறை ஓரத்தில் எதுவும் நிற்காது, கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓடிவிடும். முதல் அடுக்கில் சுற்று எண் 1, இதில் 0, அதுதான் வித்தியாசம். இரண்டையும் போனில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், சைக்கிள் கடையிலும் ரேடியோ ரிப்பேர் கடையிலும் எதைக் கேட்டு வாங்குவது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.